விக்டோரியாவில் இடம் இல்லை

"முதலாம் வில்லியம், இரண்டாம் வில்லியம், முதலாம் ஹென்றி, ஸ்டீபன், இரண்டாம் ஹென்றி..."

கண்களை மூடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹெப்சிபா ஒப்பித்துக்கொண்டே போனாள். அறுபத்துநாலு வயதுக்காரியின் குரல் இல்லை அது. சாப்பாட்டு மணிக்கு முன்னால் வரிசையில் நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் குரல். பக்கத்து நாற்காலியில் இருந்த ஞானதுரை மனைவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையில்தான் அவள், கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய சொந்த மகள் ஜாஸ்லினிடம், "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டிருந்தாள். இப்போதோ ஒரு இடத்திலும் தட்டாமல் நாற்பத்தோரு பெயர்களையும் சொல்லி, இரண்டாம் எலிசபெத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"இதுதான் சார் தப்பிச்சிருக்கு" என்றாள் டாக்டர் ஃபர்ஸானா. திரையில் ஹெப்சிபாவின் மூளைப்படம் மங்கிய சாம்பலாகத் தெரிந்தது. நடுவே ஒரு மெல்லிய கோடு மட்டும் வெள்ளை வெளேரென்று ஓடியது. "ஞாபக மறதி நோய் எல்லாத்தையும் தின்னாலும், ஏதாவது ஒரு வரிசைய விட்டுவெச்சிருக்கும். சின்ன வயசுல திரும்பத் திரும்பச் சொன்ன வரிசை. சிலருக்கு வாய்ப்பாடு, சிலருக்கு ஜெபம். போன மாசம் ஒரு பெரியவருக்கு, திருநெல்வேலியில இருந்து செங்கோட்டை வரைக்கும் ரயில் நிக்கிற ஸ்டேஷன் பேரு அத்தனையும் அப்படியே இருந்துச்சு. மேடத்துக்கு இங்கிலாந்து ராஜா ராணிங்க."

ஞானதுரைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஹெப்சிபா பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவள். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் அவள் சொல்வது ஒன்றுதான்: "ராஜா பேரு வேணும்னா எங்கயாவது பாத்துக்கோங்க. இங்க நாம, அரிசி எங்க போச்சுன்னு பாப்போம்." தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பதினோரு வருடம் உழைத்து ஒரு தடித்த புத்தகம் எழுதினாள். அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இப்போது அவள் தலையில் இல்லை. கன்னியாஸ்திரி ஒருவர் ஸ்கேலால் மேஜையைத் தட்டித் தட்டி மனப்பாடம் செய்ய வைத்த வெள்ளைக்கார வரிசை மட்டும் பாசி பிடிக்காமல் கிடக்கிறது.

"இதை வெச்சு என்னம்மா செய்ய முடியும்?" என்றார்.

"ஒவ்வொரு பேரும் ஒரு கொக்கி சார். மேடத்தோட ஞாபகங்கள் முழுசா அழியல. அதுங்களுக்குப் போற பாதைதான் அறுந்துபோச்சு. நீங்க ஒரு சம்பவத்தைச் சொல்லுவீங்க, போட்டோ காட்டுவீங்க. உள்ள மிச்சம் இருக்கிற துணுக்கு மினுங்கும். அதைப் பிடிச்சு ஒரு பேரோட கட்டிவிடுவோம். காதுக்குப் பின்னால ஒரு பொத்தான் மாதிரி வைப்போம், அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பேரைச் சொன்னா அந்த ஞாபகம் வரும்."

"எத்தனை கட்டலாம்?" என்று ஜாஸ்லின் கேட்டாள்.

"ஒரு கொக்கிக்கு ஒண்ணு. நாப்பத்தொண்ணு."



"ஒரு முழு வாழ்க்கையில நாப்பத்தொண்ணா?" என்றாள் ஜாஸ்லின்.

"மத்தது ஒரு வருஷத்துல தானா போயிரும். அதோட, எதை மாட்டணும்னு நீங்கதான் தேர்ந்தெடுக்கணும். அது உண்மையான்னு நாங்க சரிபாக்க முடியாது." ஃபர்ஸானா தயங்கினாள். "ஒரு வீட்டுல, மருமகளைச் சாதி சொல்லித் திட்டின மாமனாருக்கு, அதை விட்டுட்டு அவளைத் தலையில வெச்சுக் கொண்டாடின மாதிரி மாட்டிவிட்டாங்க. அவரு இப்ப ரொம்பப் பாசமா இருக்காரு. அந்தப் பொண்ணுதான் கிட்டவே போக மாட்டேங்கறா. அதனால இது வெறும் வைத்தியம்னு நினைக்காதீங்க சார். யோசிச்சு வாங்க."

ஹெப்சிபாவின் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். காலையில் இட்லி சாப்பிட்டு முடித்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் அவள் தெளிவாக இருப்பாள். அப்படி ஒரு காலையில் ஃபர்ஸானா காமிராவோடு வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் விளக்கினாள். ஹெப்சிபா கவனமாகக் கேட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இருநூறு வருஷமா அவனுவ நம்ம முதுகுல ஏறி உக்காந்திருந்தானுவ. இனி நம்ம சுமையை அவனுவ கொஞ்சம் சுமக்கட்டும். எனக்குச் சம்மதம்."

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் நிமிர்ந்தாள்.

"ஒண்ணு மட்டும். விக்டோரியாகிட்ட யாரும் கை வைக்கக் கூடாது. அங்க இடம் இல்ல."

"ஏன் மேடம்?"

"அங்க ஏற்கெனவே ஆள் இருக்கு. தாது வருஷத்துல செத்தவங்க. அவங்களை அங்கதான் வெச்சிருக்கேன். எனக்கு இப்பப் பேரெல்லாம் வரல. ஆனா அங்க இருக்காங்க, தெரியுது."

ஃபர்ஸானா ஞானதுரையைப் பார்த்தாள். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பியபோதுதான் விஷயத்தைச் சொன்னாள். வரிசையில் எல்லாக் கொக்கியும் ஒரே பலம் இல்லை. பள்ளிப் பாடத்தில் அதிகப் பக்கம் பிடித்த விக்டோரியாதான் படத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறாள். அதில் மாட்டுவது கடைசிவரை போகாது. வழக்கமாக அந்த இடத்தைக் கணவனுக்கோ மனைவிக்கோதான் கொடுப்பார்கள்.

"உங்க கல்யாணத்தை அங்க வைக்கலாம்னு நினைச்சிருந்தேன் சார். மேடம் சொன்னது தெளிவுல சொன்னதா, நோயில சொன்னதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. நீங்க முடிவு பண்ணுங்க."

ஞானதுரை மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கம்பம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் அடுத்த மூன்று வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அவரும் மகளும் பட்ட பாடு, எந்தப் புயலுக்குப் பிறகும் அவர் பட்டதில்லை. எட்டாம் ஹென்றி அடுத்த பெரிய கொக்கி; அதில் ஜாஸ்லின் பிறந்தது. முதலாம் எலிசபெத்தில் ஹெப்சிபாவின் அம்மா. மாக்னா கார்ட்டா என்ற மகாசாசனத்துக்கு முத்திரை வைத்த ஜானுக்கு அவள் முதன்முதல் வகுப்பெடுத்த நாள். மூன்றாம் ஜார்ஜில் அவளுடைய புத்தகம் அச்சாகி வந்த மதியம். கடற்கரையில் அவள் செருப்பைத் தொலைத்ததை வைப்பதா, முறுக்குச் சுடும்போது பாடும் பாட்டை வைப்பதா என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. கடைசியில் பாட்டு ஜெயித்தது. செருப்பு வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஜாஸ்லின் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

விக்டோரியாவுக்கு எதிரே நோட்டில் வெறும் கோடு.

"அப்பா, இது என்ன பிடிவாதம்? நூத்தி அறுபது வருஷத்துக்கு முன்னால செத்தவங்க அம்மாவுக்கு உங்களைவிட முக்கியமா?"

"அவளுக்கு முக்கியம்னா முக்கியந்தான்."

"அம்மா உங்களை மறந்துபோவாங்கப்பா!"

"வேற கொக்கி இருக்குல்ல. எட்டாம் எட்வர்டு சும்மாதான் கெடக்காரு. கல்யாணத்துக்காக முடியை விட்டுட்டுப் போன மனுசன். எங்க கல்யாணத்துக்கு அவரே போதும்."

"அந்தாளு பதினோரு மாசம்கூட ஆளல. டாக்டர் சொன்னாங்க, அது ரொம்ப பலவீனமான கொக்கின்னு."

"எழுதிட்டேன்ம்மா" என்று நோட்டைத் திருப்பினார்.

அந்தப் பக்கத்தில்தான் ஜாஸ்லின் இன்னொன்றைப் பார்த்தாள். முதலாம் சார்லஸுக்கு எதிரே அப்பாவின் குண்டு எழுத்தில், 'லண்டன் கடுதாசி'.

"இது என்னது? எனக்குத் தெரியாதே."

ஞானதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"உனக்கு அப்ப ரெண்டு வயசு. லண்டன்ல ஆறு மாசம் தங்கி அங்க இருக்கிற பழைய காகிதங்களைப் பாக்க உங்க அம்மைக்கு இடம் கெடச்சுது. அந்தக் கடுதாசி என் கையிலதான் வந்துது. பதில் போடுற தேதி தாண்டுறவரைக்கும் என் டூல்ஸ் பையில, ரப்பர் கையுறைக்கு அடியில வெச்சிருந்தேன்."

"அப்பா..."

"மறு வருஷம் அவங்களே, 'நீங்க ஏன் பதில் போடல'ன்னு கேட்டு எழுதினாங்க. அப்பதான் அவளுக்குத் தெரிஞ்சுது. நாலு மாசம் என்கூடப் பேசல. எதுன்னாலும் ஃப்ரிட்ஜ் மேல சீட்டு எழுதி வைப்பா. அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல கெடச்ச காகிதத்தை வெச்சே புத்தகத்தை முடிச்சா. முன்னுரையில எனக்கு நன்றி வேற சொல்லியிருக்கா. அந்த ஒரு வரியை இன்னைவரைக்கும் நான் ரெண்டாந் தடவை படிக்கல."

ஜாஸ்லின் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு மெதுவாக, "இதை விட்டுருங்கப்பா. அம்மாவுக்கு இனி இந்த வேதனை எதுக்கு? இந்த இடத்துல கடற்கரையை வெப்போம். யாரும் கேக்கப்போறதில்ல" என்றாள்.

"அதான்ம்மா, யாரும் கேக்கப்போறதில்ல. அதனாலதான் வைக்கணும். நான் நல்லவனா மட்டும் அவ தலைக்குள்ள இருந்தா, அவ கட்டிக்கிட்டது வேற எவனையோன்னு ஆயிரும். அந்தக் கோபம் அவளோடது. அதைத் திருட எனக்கு என்ன பாத்தியதை இருக்கு? ஒரு தடவை திருடினது போதும்."

"அது ஏன் முதலாம் சார்லஸ்?"

"செஞ்ச தப்புக்குத் தலை போன ராஜா அவருதான?"

ஜாஸ்லினுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

ஜூன் மாதம் கொக்கிகள் மாட்டி முடிந்தன. ஆஸ்பத்திரி அறையில் ஹெப்சிபா முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பெயரிலும் நின்று, விளக்கு வந்த வீட்டுக்குள் நுழைகிறவள் மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். "எட்டாம் ஹென்றி" என்றதும் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி ஜாஸ்லின்! என்னட்டி இப்படி மெலிஞ்சுபோயிட்ட?"

ஜாஸ்லின் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதலாம் சார்லஸுக்கு வந்தபோது ஹெப்சிபாவின் முகம் இறுகியது. ஞானதுரை தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் எட்டாம் எட்வர்டில் அவள் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏங்க, கோயில்ல தாலி கட்டப்போற நேரத்துல கரண்டு போச்சே! 'ஒரு நிமிஷம் ஃபாதர்'னு சொல்லிட்டு, கோட்டு சூட்டோட கம்பத்துல ஏறப் போயிட்டீங்களே! என் ஃப்ரெண்டுங்க எல்லாம், 'உன் மாப்பிள்ளை ஓடிட்டாரு'ன்னு சொன்னாளுவ."

"ஓடல. ஃபியூஸ் போட்டுட்டு வந்தேன்ல?" என்றார் ஞானதுரை. 

வீட்டில் அது ஒரு நல்ல காலம். தினமும் நாலு மணிக்கு அவள் வரிசையைச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லத்தான் கொக்கி இறுகும். ராஜாக்கள் மட்டும் ஒவ்வொருவராகக் காலியானார்கள். எட்டாம் ஹென்றிக்கு எத்தனை மனைவி என்று ஜாஸ்லின் சும்மா கேட்டபோது, "எவளுக்குத் தெரியும்? அவன் பேரைச் சொன்னா நீ வீல்னு அழுததுதான் ஞாபகம் வருது" என்றாள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்த முதலாம் எலிசபெத், அவளுக்கு இப்போது அம்மா வெங்காயம் உரிக்கும் வாசனை.

விக்டோரியா மட்டும் விக்டோரியாவாகவே இருந்தாள். அந்தப் பெயர் வந்ததும் ஹெப்சிபா நிமிர்ந்து உட்காருவாள். யாரும் மாட்டிவிடாத அந்த இடத்தில் அவளுடைய பாடம் தானாக எழுந்து வரும்.

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தேழு, ஜனவரி ஒண்ணு. டெல்லியில தர்பார். மகாராணியை இந்தியாவுக்குச் சக்கரவர்த்தினின்னு அறிவிக்கிறாங்க. ஆயிரக்கணக்குல விருந்தாளி. அதே நாள்ல இங்க, மெட்ராஸ் மாகாணத்துல, ரோட்டோரமா ஜனங்க விழுந்து கெடக்காங்க. அந்தம்மா கெட்டவங்களான்னு எனக்குத் தெரியாது. பிள்ளைங்களுக்கு அன்பாக் கடுதாசி எழுதியிருக்காங்க. ஆனா அவங்க பேரைச் சொல்லித்தான தானியம் கப்பல் ஏறுச்சு? வரலாற்றுல ஒரு ராணியோட பாதிப்பு என்னன்னு கேட்டா, அவங்க என்ன செஞ்சாங்கன்னு மட்டும் பாக்காத. அவங்க பேரால என்ன நடந்துதுன்னு பாரு."

வாசற்படியில் நின்று கேட்ட ஜாஸ்லின் அப்பாவிடம் வந்தாள். "இதை எடுத்திருந்தா, அம்மா இருந்திருப்பாங்க. பேராசிரியை இருந்திருக்க மாட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டிசம்பரில் கொக்கி விட்டது. ஒரு நாலு மணிக்கு, "ஐந்தாம் ஜார்ஜ், எட்டாம் எட்வர்டு, ஆறாம் ஜார்ஜ்" என்று எட்வர்டில் நிற்காமல் கடந்துபோனாள்.  முடித்ததும் ஞானதுரையைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்றாள்.

அறுந்த கொக்கியில் மறுபடி மாட்ட முடியாது என்று ஃபர்ஸானா சொன்னாள்.  ஞானதுரை தலையாட்டிவிட்டு வந்தார். வழியில் பழக்கடையில் நின்று அவளுக்குப் பிடித்த சப்போட்டா வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு தினமும், அவள் வரிசையை முடித்ததும் காபியோடு போய் எதிரே நின்று, "ஞானதுரை வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொள்வார். "வாங்க, உக்காருங்க" என்பாள் அவள். நல்ல விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருப்பாள். முதலாம் சார்லஸோ அசையாமல் இருந்தார். அதனால் ஒரு நாள் அந்தப் பேச்சும் வந்தது.

"என் வீட்டுக்காரரு எனக்கு வந்த லண்டன் கடுதாசியை ஒளிச்சு வெச்சுட்டாருங்க. முகம் ஞாபகம் வரல. ஆனா அந்த மனுசன் செஞ்சது அப்படியே இருக்கு."

ஞானதுரை காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பெரிய தப்பு" என்றார்.

"தப்புதான். ஆளு கெட்டவர் இல்ல. ஏன் அப்படிச் செஞ்சாருன்னுதான் எனக்குப் பிடிபடல."

"பயமா இருந்திருக்கும். அங்க போனா நீங்க திரும்பி வர மாட்டீங்களோன்னு."

ஹெப்சிபா யோசித்தாள். "கிறுக்குப் பய" என்றாள் கடைசியில். "வராம எங்க போயிருப்பேன்? ஆறு மாசம் அங்க உக்காந்து எழுதினதை எல்லாம் படிச்சுக்காட்ட எனக்கு ஆளு வேண்டாமா?"

முப்பத்தாறு வருடத்தில் இதை அவர் ஒரு முறைகூட அவளிடம் கேட்டதில்லை. அன்று கேட்காமலே பதில் வந்துவிட்டது. "என்னை மன்னிச்சிருங்க" என்றார். "நீங்க என்ன செஞ்சீங்க பாவம்?" என்று சொல்லி, தன் தட்டிலிருந்த முறுக்கை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

மார்ச் மாதப் பரிசோதனைக்கு அவளை அழைத்துப்போனார். ஃபர்ஸானா திரையைப் பார்த்தபடி வரிசையைச் சொல்லச் சொன்னாள். ஹெப்சிபா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். ஏழெட்டுக் கொக்கிகள் விட்டிருந்தன. பெரியவை எல்லாம் நின்றன. விக்டோரியாவில் நிமிர்ந்து, பாடம் சொல்லி, இறங்கி வந்தாள்.

"...எட்டாம் எட்வர்டு, ஆறாம் ஜார்ஜ், இரண்டாம் எலிசபெத், ஞானதுரை."

ஃபர்ஸானா திரையிலிருந்து பார்வையை எடுத்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டின் முனையில், போன தடவை இல்லாத ஒரு சின்னப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"இது நாங்க வெச்சது இல்ல சார்" என்றாள் தாழ்ந்த குரலில். "எங்களால புதுக் கொக்கி வைக்கவே முடியாது. இந்த மெஷினுக்கு அது தெரியாது." பிறகு நாற்காலியை ஹெப்சிபாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மேடம், ஞானதுரை எந்த நாட்டு ராஜா?"

"ராஜாவா?" ஹெப்சிபாவுக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "அவரு ராஜா இல்லம்மா. ராஜா எல்லாம் முடிஞ்சப்புறம் வர்றவரு."

"அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது தெரியல" என்றாள் ஹெப்சிபா. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. "ஆனா வந்துருவாரு."

ஞானதுரை நாற்காலியை விட்டு எழுந்து, அவள் எதிரே போய் நின்றார்.